நெட் இல்லாமல் வழி காட்டுமா?

ஒரகடம் பக்கம்
3 ஜூன் 2025

அன்புள்ள ஷெர்லினுக்கு,

சசிரேகா எழுதுகிறேன். என் கையெழுத்து இப்படி இருக்கும் என்றே உனக்குத் தெரிந்திருக்காது. சுங்குவார்சத்திரம் கம்பெனியில் ஒரே லைனில் உட்கார்ந்து செல்போனுக்கு ஸ்க்ரூ போட்டோம், ஒரே ஹாஸ்டல் அறையில் தூங்கினோம். எழுதிக்கொள்ள வேண்டிய அவசியம் அப்போது வரவில்லை.

இதைக் கொண்டுவருகிற மீனம்மாக்காவை உனக்குத் தெரியும். உங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் சமைக்கிறவர். அவர் வீடு எங்கள் தெருவில்தான் என்பது கல்யாணமாகி இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பதில் எழுதினால் அவரிடமே கொடு. போனில் மெசேஜ் மட்டும் போடாதே. அக்கா போனை வாங்கிப் பேசலாம்தான், ஆனால் அக்கா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைக்கல் சுவர், அந்தப் பக்கம் என் மாமியார்.

ஒரே ஒரு உதவி. போனில் நெட் இல்லாமல் வழி காட்டுகிற மேப் ஏதாவது இருக்கிறதா? நம் அறையில் யாருக்குப் போனில் என்ன சந்தேகம் வந்தாலும் உன்னிடம்தானே வருவோம், அதனால் கேட்கிறேன்.

வேறொன்றும் இல்லை. இந்த ஊருக்கு வந்து இத்தனை மாதமாகியும் எது கிழக்கு எது மேற்கு என்று தெரியவில்லை. எங்கே போனாலும் என் வீட்டுக்காரர் கம்பெனிகளுக்கு ஓட்டுகிற வேனில்தான். கண்ணாடியெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். வாசலில் ஏறினால் கோயிலில் இறங்குவேன். நடுவில் இருக்கிற ஊர் எனக்குத் தெரியாது. ரீசார்ஜும் அவர் நினைத்தால்தான்.

நேற்றுத் தலைவலிக்கு மாத்திரை வாங்கத் தெருமுனை மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரர் அட்டையைக் கிழிப்பதற்குள் போன் அடித்தது. "இன்னா சசி, மெடிக்கல்ல நிக்கிற? தலவலியா?" என்றார். அக்கறையாகத்தான் கேட்டார். அப்போது அவர் இருங்காட்டுக்கோட்டையில் ஷிப்ட் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தார். மாத்திரை வாங்காமலே திரும்பிவிட்டேன்.

நீ மேப் பற்றி மட்டும் எழுது. படித்ததும் கிழித்துப்போடு.

சசி

*

சுங்குவார்சத்திரம்
6 ஜூன் 2025

சசி,

மேப் பற்றி மட்டும் எழுத வேண்டுமாம். சரி, மகாராணி உத்தரவு.

அதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கு நான் நாகர்கோவிலிலிருந்து லீவை முறித்துக்கொண்டு வந்தேன். அடுத்த வாரமே உன் வீட்டுக்காரர் பிரவீன் எனக்குப் போன் போட்டு, நான் உன்னைக் கெடுக்கிறேன் என்று வாய்க்கு வந்தபடி பேசினார். அதைக்கூடத் துடைத்துப் போட்டேன். அதற்கடுத்து உன்னிடமிருந்து வந்த மெசேஜைத்தான் தாங்க முடியவில்லை. 'ப்ளீஸ் இனிமேல் என்னைத் தொந்தரவு செய்யாதே.' நான் உனக்குத் தொந்தரவா மக்கா?

போகட்டும். எல்லார் போனிலும் இருக்கிற அதே மேப்பே போதும். நெட் இருக்கும்போது ஆஃப்லைன் என்பதை அழுத்தி, ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை கட்டம் போட்டு இறக்கிக்கொள். பிறகு நெட் இல்லாவிட்டாலும் ரோடு தெரியும்.

ஆனால் அந்த மெடிக்கல் விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிற ஆளுக்கு உன் தலைவலி எப்படித் தெரியும்?

ஷெர்லின்

*

ஒரகடம் பக்கம்
10 ஜூன் 2025

ஷெர்லி,

அந்த மெசேஜ் நான் அனுப்பவில்லை. அப்படி ஒன்று போனது என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் தெரியும். நான் என்றைக்கடி உன்னிடம் ப்ளீஸ் போட்டிருக்கிறேன்?

நீ சொன்ன மாதிரியே மேப்பை இறக்கினேன். அன்று மாலை அவர் வந்ததும் வழக்கம்போல என் போனைக் கேட்டார். தினமும் பார்ப்பார். கோபமே படவில்லை. சிரித்தார்.

"இன்னா சசி, மேப்புல்லாம் எறக்கி வெச்சிகீற? எங்கியாவது போணுமா? வாயத் தொறந்து சொன்னா நானே இட்டுகினு போவமாட்டேனா?"

"சும்மா பாத்தேங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டதும், "கெளம்பு, ரவுண்டு போலாம்" என்றார். மாமியார் ராஜாமணி, "போய்ட்டு வாம்மா, எவ்ளோ ஆசையா கூப்புடுது புள்ள" என்று அனுப்பிவைத்தார். வேன் எங்கெங்கேயோ திரும்பியது. இரண்டு பக்கமும் கம்பெனி மதில் சுவர், மேலே முள்கம்பி. கடை இல்லை, வீடு இல்லை, பெயர்ப்பலகைகூட இல்லை. ஒரு வளைவில் தண்ணீர்த் தொட்டியும் அதை ஒட்டி ஒரு செல்போன் டவரும் மட்டும் இருந்தன. அங்கே வண்டியை நிறுத்தி, என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு, "எறங்கு" என்றார்.

இறங்கினேன்.

"வழி தெரிஞ்சா வூட்டுக்கு வா பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கன்டெய்னர் லாரிகள் போயின. ஒரு லாரி வேகத்தைக் குறைத்து ஹாரன் அடித்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எந்தப் பக்கம் நடந்தாலும் இன்னும் தூரமாகிவிடுவேனோ என்று ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. வெயிலில் தார் கொதித்தது. கடைசியில் வேன் திரும்பி வந்தது. கதவைத் திறந்துவிட்டு, "பயந்துட்டியா? நான் இல்லாம ஒனக்கு ஒன்னும் தெரியாது, பாத்தியா" என்று தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்.

ஷெர்லி, எனக்குப் பயம் எதுவென்று சொல்லட்டுமா? அவர் விட்டுவிட்டுப் போனது இல்லை. அந்த வேனைப் பார்த்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் வந்தது தெரியுமா? ஓடிப்போய் ஏறினேன். 'வந்துட்டீங்களே' என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இன்னும் கொஞ்ச நாள் போனால் நான் நானாக இருக்க மாட்டேன்.

திரும்பும் வழியில் ஸ்டாண்டில் இருந்த அவர் போனைப் பார்த்தேன். அதிலும் ஒரு மேப். அதில் என் படம் போட்ட ஒரு வட்டம் வேனோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. என் போன் எங்கே இருந்தாலும் அவருக்குத் தெரிகிறது.

அம்மாவிடம் கோடி காட்டினேன். "ஒம்மேல உசுரா கீறாருடி, அதான்" என்கிறாள். தம்பி சுபாஷும் இவர்கள் வண்டியைத்தான் ஓட்டுகிறான். எனக்கு அங்கே போக வழியில்லை.

சசி

*

சுங்குவார்சத்திரம்
17 ஜூன் 2025

சசி, என் செல்லமே,

உன் கடிதத்தை பாத்ரூமில் வைத்துப் படித்தேன். படித்த பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நான் சொன்ன மேப்பினால்தான் அந்த ரோட்டில் நின்றாய். அந்த போனில் இனி எதையும் இறக்காதே, அழிக்காதே, தேடாதே. இப்போது இருப்பது போலவே இருக்கட்டும்.

அட்டைப் பெட்டியில் துணி சுற்றி அனுப்பியிருப்பது என் பழைய போன். மூலையில் கண்ணாடி கீறியிருக்கும். சிம் இல்லை, போட வேண்டாம். அக்கவுன்ட் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, கம்பெனியிலிருந்து பெட்டியில் வெளியே போகிற போன் மாதிரி வெறுமையாக்கிவிட்டேன். உள்ளே ஒரே ஒரு மேப்தான் இருக்கிறது.

அதைத் தேர்ந்தெடுப்பதற்குள் பைத்தியம் பிடித்துவிட்டது. ஹாஸ்டல் வைஃபையில் ஒவ்வொன்றாக இறக்கி, ஏரோப்ளேன் மோடில் போட்டு, கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். முதலாவது திறந்ததுமே ஈமெயில் கேட்டது, அடுத்து நம்பர் கேட்டது. நம்மைப் பற்றி எதையும் கேட்காத மேப்தான் வேண்டும் என்று அதை நீக்கிவிட்டேன். இரண்டாவது ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அதில் ஹைவேயும் கம்பெனி ரோடும் மட்டும்தான். உங்கள் ஊர் இருக்கிற இடம் வெறும் வெள்ளையாக இருந்தது. இன்னொன்று நடுநடுவே விளம்பரம் போட்டுச் சத்தமாகப் பாட்டுப் பாடியது. உன் வீட்டில் அது பாடினால் என்ன ஆகும் என்று நினைத்ததும் அதையும் அழித்துவிட்டேன்.

இப்போது இருப்பதில் ஒற்றையடிப் பாதைகூட இருக்கிறது. உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருப்பதாக மீனம்மாக்கா சொன்ன ஏரிக்கரை, மதகு, அதைத் தாண்டிப் போகிற மண்பாதை எல்லாம் புள்ளிப்புள்ளியாகத் தெரியும். நெட் வேண்டாம், டவர் வேண்டாம். வானத்திலிருந்து சாட்டிலைட் அனுப்புவதை ரேடியோ மாதிரி வாங்கிக்கொள்ளும். கேட்கும், திரும்பப் பேசாது. நீ எங்கே இருக்கிறாய் என்று உனக்கு மட்டும்தான் காட்டும்.

மேலே திறந்த வானம் வேண்டும். வீட்டுக்குள் பிடிக்காது. முதல் தடவை புள்ளி வரக் கொஞ்சம் தாமதமாகும், பயப்படாதே. குரலை அணைத்துவிட்டேன்.

ரயில்வே ஸ்டேஷன் ரோட்டுக்குப் போக இரண்டு வழி. பெரிய தெரு வழியாகப் போனால் டீக்கடையில் அவருடைய வேன்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள் என்று மீனம்மாக்கா சொன்னார். அதனால் ஏரிக்கரை வழியைக் குறித்திருக்கிறேன். லீவு நாளில் ரோட்டுப் பக்கமிருந்து பாதி தூரம் நடந்து பார்த்தேன், வழி இருக்கிறது. அதற்குமேல் வர எனக்குத் தைரியமில்லை, யாராவது பார்த்துவிட்டால்?

பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்து பேசினேன். செங்கல்பட்டில் நம்மைப் போன்ற பெண்களுக்கு உதவுகிற ஒரு அலுவலகம் சொன்னார்கள், எந்த நாளும் வரலாமாம். அதையும் மேப்பில் நட்சத்திரமாகப் போட்டிருக்கிறேன்.

ஷெர்லின்

*

ஒரகடம் பக்கம்
22 ஜூன் 2025

ஷெர்லி,

போன் வந்தது. நாப்கின் பாக்கெட்டுக்குள் வைத்திருக்கிறேன். அதை மட்டும்தான் இந்த வீட்டில் யாரும் தொடமாட்டார்கள்.

துணி காயப்போடுகிற சாக்கில் மொட்டைமாடிக்குப் போனேன். ஈரப் புடவையை விரித்து அதன் பின்னால் உட்கார்ந்துகொண்டு திறந்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே மாமியார் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பிறகு புள்ளி வந்தது. எங்கள் தெரு, எங்கள் வீடு, அதன் மேல் நான்.

கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். ஏரிக்கு அந்தக் கரையில் ஒரு வளைவு, தண்ணீர்த் தொட்டி என்று எழுதியிருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தால் கருவேல மரங்களுக்கு மேலே அதே டவர். அன்று அவர் என்னை விட்டுவிட்டுப் போன இடம். எங்கெங்கேயோ சுற்றிக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்பக்கத்தில்தான் இறக்கிவிட்டிருக்கிறார். கரை மேல் ஏறியிருந்தால் காயப்போட்ட என் புடவையே தெரிந்திருக்கும். நான் அங்கே நின்று அழுதுகொண்டிருந்தேன்.

அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

ஆனாலும் நான் போகப்போவதில்லை ஷெர்லி. கோபித்துக்கொள்ளாதே. மதகு வரைக்கும் போவதாக மனதுக்குள் நடந்து பார்க்கிறேன், அதற்குள் முதுகுக்குப் பின்னால் வேன் சத்தம் கேட்கிறது. பிடிபட்டால் அடுத்த தடவை எங்கே இறக்கிவிடுவார் என்று எனக்குத் தெரியாது. இடம் தெரிந்துகொண்டேன், அது போதும்.

நேற்றுச் சாப்பிடும்போது, "அந்த ஷெர்லின் இன்னும் அதே ஹாஸ்டல்லதான் கீதா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சோறு பிசைந்தார். நீ ஜாக்கிரதையாக இரு.

சசி

*

சுங்குவார்சத்திரம்
24 ஜூன் 2025

சசி,

அவசரமாக எழுதுகிறேன். அவர் இங்கே வந்தார்.

ஷிப்ட் முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்குகிறேன், ஹாஸ்டல் கேட்டில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். கையில் ஸ்வீட் பாக்ஸ். வார்டனிடம் ஏற்கெனவே சிரித்துப் பேசி வைத்திருக்கிறார். "சசி ஒன்ன பாக்கணும்னு ஒரே பேச்சு சிஸ்டர். வண்டி கீது, ஏறு, நானே இட்டுகினு போய் வுட்டுர்றேன்" என்றார். நான் மற்றப் பெண்களோடு உள்ளே நுழைந்து கிரில்லைச் சாத்திக்கொண்டேன். வரமுடியாது என்று சொன்னேன்.

கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று மெதுவாகச் சொன்னார்: "பரவால்ல. நீ எந்த ஷிப்டு, எந்த பஸ்ஸு, எல்லாம் தெரியும். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

அந்த நேரம் பார்த்து மீனம்மாக்கா குப்பைக் கூடையோடு வெளியே வந்தார். அவரைப் பார்த்ததும் பிரவீன் முகம் மாறிவிட்டது. "இன்னாக்கா, நீ இங்கதான் வேல செய்றியா? சொல்லவே இல்ல?" அக்கா அசரவில்லை. "நீ என்னிக்கிப்பா கேட்ட?" என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போனார். உள்ளே வந்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிரவீனுக்குப் புரிந்துவிட்டது சசி. இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு வீட்டைக் கிளறுவார். இது அக்கா கொண்டுவருகிற கடைசிக் கடிதம். இனி இந்த வழி இல்லை.

நீ பயப்படாதே என்று எழுதமாட்டேன். நானே கதவுக்கு ஸ்டூலை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். பயத்தோடேயே போ. தினமும் மத்தியானம் அவர் வீடியோ கால் போடுவதாக அக்கா சொன்னார், அதில் உன்னைப் பார்த்துவிட்டு வைத்ததும் கிளம்பிவிடு. அவர் பார்க்கிற அந்த போனை வீட்டிலேயே விட்டுவிடு. பதில் எழுதாதே.

ஷெர்லின்

*

திண்டிவனம்
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷெர்லி,

செங்கல்பட்டு அலுவலக போனிலிருந்து உன்னோடு பேசிய இரண்டு முறையும் எனக்கு அழுகைதான் வந்தது. எழுதிவிடு என்றாய். எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாளே கிளம்பினேன். வீடியோ காலில், "இன்னா கொழம்பு?" என்று கேட்டார். கத்தரிக்காய் என்று அடுப்பைக் காட்டினேன். வைத்ததும் போனைக் கட்டிலில் சார்ஜில் போட்டேன். மாமியார் ஃபேனுக்கு அடியில் கண்ணயர்ந்திருந்தார். துவைக்கிற துணியை வாளியில் அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கமாக இறங்கினேன். கரை மறைவுக்குப் போனதும் வாளியை வைத்துவிட்டேன்.

புள்ளி வந்தது. கோட்டின் மேலேயே நடந்தேன். மதகு தாண்டினேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். பிறகு ஒரு சுவர் வந்தது.

மேப்பில் சுவர் இல்லை, ஷெர்லி. மண்பாதை நேராகப் போவதாகக் காட்டுகிறது. என் முன்னால் புதிதாகக் கட்டி இன்னும் பூசாத மதில், இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. நீ நடந்து பார்த்தது அந்தப் பக்கம். இது நீ பார்க்காத பாதி. அன்று ரோட்டில் நின்ற மாதிரியே நின்றுவிட்டேன். திரும்பிவிடலாம், வாளியை எடுத்துக்கொண்டு போய்க் குழம்பைச் சூடு பண்ணலாம் என்றுதான் தோன்றியது. திரும்பியும்விட்டேன். இரண்டு அடி வைத்தபோது, அந்த வேனைப் பார்த்து நான் ஓடியது நினைவுக்கு வந்தது. சுவரைக் கையால் தொட்டுக்கொண்டு பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தேன்.

கடைசியில் ஒரு தகரக் கதவு. அங்கே ஒரு செக்யூரிட்டி. சட்டையில் இசக்கிபாண்டி என்று பெயர். "எங்கம்மா போணும்? இதுல வழி கெடையாதுல்லா" என்றார். உன் ஊர்ப்பக்கத்துப் பேச்சு. போனைக் காட்டினேன். போனைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். செருப்பில்லாமலே வந்திருக்கிறேன், அப்போதுதான் எனக்கும் தெரிந்தது.

"ஆரும் தொரத்திட்டு வாராங்களா?"

தலையாட்டினேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. கதவைத் திறந்து, லாரிகளுக்கு நடுவே முன்வாசல் வரை கூடவே நடந்து வந்து, ஷேர் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தி, "ஸ்டேசன்ல எறக்கி உடுப்பா" என்றார். அவருடைய ரப்பர் செருப்பைக் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு அளவு பெரியது.

ஆட்டோவில் யூனிஃபார்ம் போட்ட பெண்கள். நடுவில் உட்கார்ந்தேன். ஒரு கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரி திரும்புகிறது என்று எல்லா வண்டியும் நின்றது. எங்கள் பக்கத்தில் வந்து நின்றது அவன் வேன்.

கையை நீட்டினால் தொட்டுவிடலாம். டிரைவர் கண்ணாடி இறங்கியிருந்தது. குனியக்கூட முடியவில்லை. பிரவீன் இந்தப் பக்கம் ஒரே ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும். அவன் திரும்பவில்லை. ஸ்டாண்டில் இருந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் நான் வீட்டில் இருந்தேன்.

லாரி திரும்பியது. வேன் இடது பக்கம் போனது. ஆட்டோ நேராகப் போனது. பக்கத்திலிருந்த பெண், "இன்னாக்கா, ஒடம்பு இப்டி நடுங்குது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டேஷன் வரை விடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். செங்கல்பட்டு அலுவலகம், புகார், அம்மா வந்து அழுதது, நான் திரும்பமாட்டேன் என்றது. அவனைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்துப் பார்த்தபோதும் எனக்குப் பயம்தான். இனி என் பக்கம் வரமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். அதை நம்பி நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று சொன்னால் பொய். வேன் கதவு இழுபடும் சத்தம் கேட்டால் இன்னும் சுவரோடு ஒட்டிக்கொள்கிறேன். போன வாரம் கூட வேலை செய்கிற பெண், "லொகேஷன் அனுப்புக்கா, வந்து கூப்டுக்கறேன்" என்றாள். வியர்த்துவிட்டது. அனுப்பவில்லை.

நான் எங்கே இருக்கிறேன் என்று நீ இரண்டு தடவையும் கேட்டாய், நான் சொல்லவில்லை. உன்மேல் சந்தேகம் இல்லை. சொல்லிவிட்டால் அந்த இடம் போய்விடும் போல ஒரு பயம். இப்போது நானாகச் சொல்கிறேன். மீனம்மாக்காவும் மகள் வீட்டோடு போய்விட்டார், நீயும் ஹாஸ்டலை மாற்றிவிட்டாய். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கு. பழக்கடைகள் இருக்கிற பக்கமாக வெளியே வா. கடைகள் முடிகிற இடத்தில் ஒரு மிளகாய் மில் இருக்கும், தும்மல் வரும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு எதிர்ச்சந்தில் மூன்றாவது வீடு, கீழே நான் வேலை செய்கிற தையல் யூனிட், மேலே என் அறை. மாடிப்படிக் கதவு உள்ளே தாழ் போட்டிருக்கும். தட்டினால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். தெருவில் நின்று என் பேரைச் சொல்லிக் கூப்பிடு. சத்தமாகவே கூப்பிடு.

சசிரேகா